கள்ளக் கிரகம் வைப்பவர்

அவர் வீட்டில் விருந்து சாப்பிட்ட யாரும் உப்பைப் பற்றி அங்கே வாய் திறந்ததில்லை. தெருமுனை தாண்டிய பிறகுதான் திறப்பார்கள்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த கல்லூரி ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர். ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடுவதில் மனிதர் தாராளம். மனைவி தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுச் சேலை மாற்றப் போவாள். அந்த இடைவெளியில் இவர் அடுக்களைக்குள் பூனை மாதிரி நுழைந்து, சொதியில் வெறும் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கலக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல வந்து இலை போடுவார். ஒவ்வொரு விருந்துக்கும் பால் கொஞ்சம் கூடும், உப்பு கொஞ்சம் குறையும். எல்லோரும் கை கழுவி, "சாப்பாடு ரொம்ப நல்லாருந்துச்சு டீச்சர்" என்று சொல்லி முடித்த பிறகு, கூடத்தின் நடுவில் நின்று அறிவிப்பார்.

"சொதில உப்பு பாதிதான் இருந்துச்சு. ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா? நம்ம ஊர்க்காரனுக்கு நாக்கு செத்தே போச்சு வே!"

நாக்கெல்லாம் சாகவில்லை. எங்கள் ஊர்க்காரன் சம்பந்தி வீட்டுப் பாயசத்தில் எறும்பு மிதந்தாலும் விரலால் ஒதுக்கிவிட்டு, பிரமாதம் என்று சொல்லிக் குடிப்பான். தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது வேறு. இத்தனை ஆராய்ச்சி செய்தவருக்கு இந்த ஒரு வித்தியாசம் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன் என்பதால் விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது அக்காவோடு நிற்பேன். ஒருநாள் சொதிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி கோமு, ஆக்கிப் போடுதது நானு. போற வழில அவங்க பேசுவாங்கள்லா, டீச்சருக்கு உப்புப் போடத் தெரியாதுன்னு? பேரு எனக்குல்லா கெடுது. கலக்கி விட்ட மனுசனுக்கு என்ன வந்துச்சு?"

"நீங்க சொல்ல வேண்டியதுதான அக்கா?"

"சொல்லலைன்னா நெனைக்க?"

இந்தப் புத்தி அவருக்கு வேலையிலிருந்து வந்தது. வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகத்தை நேராகப் பார்ப்பது ஆகாத காரியம். அது தன் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளியளவு குறையும். அந்தக் குறைவை வைத்துத்தான் அங்கே ஒன்று இருக்கிறது என்று சொல்வார்கள். துளி என்றால், கார்த்திகைக்குக் கொளுத்துகிற சொக்கப்பனைக்கு முன்னால் ஒரு கொசு பறப்பதைப் பக்கத்து ஊரில் நின்று கண்டுபிடிக்கிற மாதிரி. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய டிடெக்டரைத் தொலைநோக்கியில் பொருத்தி விண்வெளிக்கு அனுப்பிவிட்டால், பிறகு யாரும் ஏறிப்போய்த் திருப்புளி போட்டு முடுக்க முடியாது. எவ்வளவு சின்னக் குறைவுவரை அதற்குத் தெரியும் என்பதைக் கீழேயே பார்த்துவிட வேண்டும். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்றுக்கான அந்தச் சோதனையில் ஒரு சிறு பங்கு எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தது. ஊருக்கு இது எதுவும் விளங்கவில்லை. "குலசேகரன்பட்டினத்துல விடப்போற ராக்கெட்ட உங்க காலேஜ்லதான் செய்யுதாவளாம்மா?" என்று காய்கறிக்கடை அண்ணாச்சி கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கறிவேப்பிலை கொசுறாகக் கொஞ்சம் கூட வரும்.

இருட்டறையில் ஒரு தகடு, தகடு நெடுக ஊசித் துளைகள், பின்னால் விளக்கு. அதுதான் எங்கள் வானம். சில துளைகளுக்குக் குறுக்கே தலைமுடியைவிட மெல்லிய கம்பி கட்டியிருக்கும். கம்பிக்குள் கரண்ட் விட்டால் சூடாகி இம்மியளவு பருக்கும். துளை வழியே வருகிற வெளிச்சம் இம்மியளவு குறையும். கிரகம் போயிற்று என்று அர்த்தம். எதிரே குளிர்ப்பெட்டிக்குள் டிடெக்டர் இருக்கும். பக்கத்து அறையில் நாங்கள் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்து, எந்தத் துளையில் கிரகம் போனது என்று சொல்ல வேண்டும். எந்தக் கம்பியை எப்போது சூடாக்கினார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமைதான் வாயைத் திறப்பார். இதற்கு எங்களுக்குள் கள்ளக் கிரகம் என்று பெயர்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கள்ளக் கிரகம் வைப்பது குற்றமில்லை. இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் வைக்கிறார்கள். நாமே ஒன்றை ஒளித்துவைத்துத் தேடவிட்டால்தானே எதைத் தவறவிடுகிறோம் என்று தெரியும்? ஆனால் மற்றவர்கள் அதை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இவர் சாப்பாட்டுக் கூடையோடு சேர்த்து வீட்டுக்கும் எடுத்துப் போனார்.

"எவ்வளவு கொறஞ்சா தெரியும்? அதான் கேள்வி" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டு வருவார். சுவர்க்கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைப்பார். ஒரு வாரம் இரண்டு காலிலும் வெவ்வேறு செருப்போடு வந்தார். நாங்கள் அதைப் பார்த்துவைத்துக்கொண்டோம். சனிக்கிழமை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "செருப்பு சார்!" என்று கூட்டமாகச் சொன்னோம். குனிந்து தன் காலைப் பார்த்தார். "இது நான் வெச்சதில்லையே" என்றார்.

அவருடைய திறமையைப் பரிகசிக்க முடியாது. தினமும் மதியத்துக்குப் பிறகு எங்கள் வானத்தில் எல்லாத் துளையிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் குறைந்தது. சார்தான் விளக்கில் ஏதோ வேலை காட்டுகிறார் என்று நாங்கள் சட்டை செய்யவில்லை. சனிக்கிழமை கேட்டால், தான் வைக்கவில்லை என்றார். அன்றே ஒயரைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போனார். கடைசியில் கேன்டீனில் போய் நின்றார். அங்கே மறுநாள் இட்லிக்கு கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. அது இழுக்கிற இழுப்பில் எங்கள் விளக்கு ஒரு மயிரிழை மங்கியிருக்கிறது.

"அண்ணாச்சி, மாவ காலைல ஆட்டக் கூடாதா?"

"நீங்க வானத்துல கெரகம் தேடுதிய. என் இட்லி மாவு உங்களுக்கு என்ன சார் பண்ணுச்சு?"

அன்றிலிருந்து மாவைக் காலையிலேயே ஆட்டினார்கள். மறுநாள்வரை கிடந்து இட்லி புளித்தது, டிடெக்டர் தேறியது. அந்தக் குறையை அவரைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். உண்மையை எல்லாம் அவர் வைத்த கள்ளமென்று நினைத்து ஒதுக்கும் பழக்கம் எங்களுக்கு அதற்குள் ஊறியிருந்தது.

குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொண்டவன் இசக்கி. குலசைத் தசராவுக்கு வேண்டிக்கொண்டு ஒரு வருஷம் குறத்தி வேஷம் கட்டினான். வேஷத்தோடு வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வந்தவன் எங்கள் வாசலிலும் வந்து ஆடினான். அக்கா கண்ட மாத்திரத்தில், "லே இசக்கி, இடுப்ப ஆட்டாத, விழுந்துருவ" என்று சிரித்துவிட்டு, பணமெடுக்க உள்ளே போனாள். அடுத்து சார் வெளியே வந்தார். குறத்தியை மேலிருந்து கீழ்வரை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, ஒன் எடது கால் சலங்கையில ஒரு மணி கொறையுது பாரு" என்றார். காசைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் விஷயத்தைச் சொன்னபோது அவர் அசரவே இல்லை. "மணி கொறஞ்சத சொன்னேனா இல்லியா?"

"சொன்னிய சார்" என்றான் இசக்கி. "ஆளத்தான் தெரியல்ல."

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடித் தொழிலாளர்கள் எல்லோரும் இறங்கிய வருஷம், இசக்கியின் அப்பா அம்மாவும் சாமான்களோடு மலையிலிருந்து இறங்கினார்கள். இசக்கி லீவு கேட்டு நின்றான். "லாரி நம்ம காலேஜ் வழியாவா வருது? எத்தன மணிக்குன்னு சொல்லிரு. தரை அதிரும், டெஸ்ட நிறுத்தி வைக்கணும்" என்றார். பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு வருகிற கிழவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. கல்நெஞ்சம் என்று சொல்ல மாட்டேன். லீவும் கொடுத்தார், அலைந்து திரிந்து வாடகைக்கு வீடும் பார்த்துக் கொடுத்தார். கேட்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

இந்த நிலையில் அக்காவுக்கு ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் வீட்டிலிருந்து சாமான்கள் போக ஆரம்பித்தன.

முதலில் தையல் மெஷின் போயிற்று. ஆட்டோவில் அதை ஏற்றிக்கொண்டிருந்த அக்காவிடம், "எங்கக்கா?" என்றேன். "ஸ்ரீவைகுண்டத்துக்குத்தான், வேற எங்க?" என்று சிரித்தாள். சும்மா சிரித்திருக்கிறாள். எனக்கோ மூளையெல்லாம் கள்ளக் கிரகம். ஆகா, இத்தனை வருஷம் கழித்து அக்கா அவருக்கே ஒன்று வைத்துப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் இசக்கியிடம் சொன்னேன். அவன் குதித்தான்.

"நல்லா வேணும் சாருக்கு! நாம வாயத் தெறக்கக் கூடாதுக்கா. சொல்லிட்டா டெஸ்ட் கெட்டுப்போகும்."

தொழில் தர்மம் அப்படி. ஒளித்து வைத்ததைத் தேடுகிறவனிடம் போய்ச் சொல்வதைவிடப் பெரிய பாவம் எங்களுக்குக் கிடையாது. ஆகவே நாங்கள் வாயை மூடிக்கொண்டு தினமும் காலையில் அவர் முகத்தை ஆராய்ந்தோம். தையல் மெஷின் போனதற்கு அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கிரைண்டர் போனதற்கும் அசையவில்லை. பூஜை அலமாரியில் இருந்த சாமிகள் கும்பலாகக் குடிபெயர்ந்தார்கள். கொடியில் சேலைகள் இல்லை. ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது இரும்பு பீரோ நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அக்காவும் வார நாட்களில் அங்கேயே தங்கினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரவில்லை. அவர் கேன்டீனில் சாப்பிட்டார். தன் தட்டில் என்ன இருக்கிறது என்று அவர் என்றைக்குமே பார்த்ததில்லை, அடுத்தவர் தட்டில்தான் கண்.

ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கண்டுபிடித்தார். "கோமதி, மாடியில பாய் ஏதும் சுருட்டி வெச்சிட்டியாம்மா? வீட்டுல எதிரொலி கூடியிருக்கு. நான் தும்முனா வீடு திருப்பித் தும்முது" என்றார். இல்லை சார் என்றேன். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒலி அளக்கிற கருவியைக் கொண்டுவந்து, காலியான கூடத்தின் நடுவில் வைத்து, கையைத் தட்டித் தட்டி அளந்தார். நான் மாடிக்கு ஓடிவந்து தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படி அதிர ஏறி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கோமதி! புடிச்சிட்டேன்!"

"என்ன சார்?"

"துண்டு எடுக்கப் போனேன். பீரோவே இல்ல. பொறவு பாத்தா சாமி இல்ல, மெஷின் இல்ல, ஒண்ணுமே இல்ல. அவ எனக்குக் கள்ளக் கிரகம் வெச்சிருக்காம்மா! எனக்கே! ஒண்ணொண்ணா, பைய, ஒரு சத்தமில்லாம எடுத்திருக்கா. என்ன மூள பாரு அவளுக்கு! கிளம்பு, ஸ்ரீவைகுண்டம் போவோம். சாட்சி வேணும்லா?"

திருச்செந்தூர் பஸ்ஸில் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். கிரைண்டரிலேயே பிடித்திருக்க வேண்டுமாம். எதிரொலி கூடியபோதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டுமாம். தன்னுடைய சோதனைகளில்கூட இவ்வளவு நேர்த்தி கிடையாதாம். மனைவியை அவர் புகழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கென்று பிச்சிப்பூ வேறு வாங்கியிருந்தார். கல்யாணமான புதிதில் இருக்கிறவர் மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

அணைக்கட்டைத் தாண்டி, வாழைத்தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்ன வீடு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சை பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் ஜன்னலோரம் நின்றது. சாமிகள் சந்தனம் குங்குமத்தோடு இருந்தார்கள். எல்லாம் அதனதன் இடத்தில் வெகுநாளாக இருப்பது போல இருந்தன. அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொன்றாக விரல் நீட்டினார்.

"மெஷினு. கிரைண்டரு. சாமி. பீரோ. பூராத்தையும் புடிச்சிட்டேன்! லேட்டுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா என்னா டெஸ்டு வெச்ச நீ!"

அக்கா பேனாவை மூடினாள். "டெஸ்டா? கோமு, என்னட்டி சொல்லுதாவ இவுக?"

"அக்கா, நாங்களும் அப்படித்தான்..."

"ஒனக்கும் கோட்டி புடிச்சிருக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நான் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான வந்தேன்? மாறுதல் வந்த அன்னைக்குச் சொன்னேன், சரின்னிய. வீடு பாத்துட்டு வந்து சொன்னேன், சரின்னிய. இனிமே அங்கனதான் இருக்கப்போறேன், திரும்பி வரமாட்டேன்னு சொன்னேன். அதுக்கும் சரின்னுதான் சொன்னிய."

"பஸ்ல போயிட்டு வார தூரந்தான இது?" என்றார் அவர்.

"போயிட்டு வார தூரந்தான். வரப் புடிக்கல்ல. இருவத்தஞ்சு வருசமா என்ன கொறையுதுன்னே பாத்தீய. நான் வெச்சது நல்லா இருக்குன்னு ஒருநாள் சொன்னியளா? நாலு பேருக்கு முன்னால என் சொதியக் கெடுத்து, என்னிய நிக்க வெச்சு, அத ஒரு சாதனையாவும் சொல்லுவிய. இங்கன நான் போட்ட உப்பு போட்டபடியே இருக்கு. அது போதும் எனக்கு."

அவர் தலையைக் குனிந்து யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"ஓகோ! சொல்லாததச் சொன்னேன்னு நடுவுல ஒண்ணச் சொருகிப் பாக்குத. நான் நம்புதேனான்னு தெரியணும். இதுவும் கள்ளக் கிரகம், அப்படித்தான?"

அக்கா மடியிலிருந்த பேப்பரை ஒதுக்கிவைத்தாள். "பீரோவக் குட்டியானை வண்டில ஏத்துன அன்னைக்கு டிரைவரு மட்டுந்தான் வந்திருந்தாரு. அந்தப் பக்கம் ஒரு கை புடிச்சது ஆரு?"

"ஆரு?" என்று அவரும் கேட்டார்.

அக்கா எழுந்து அவர் வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் நீட்டினாள். ஆள்காட்டி விரல் நகம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

"பீரோ கால் இதுமேலதான் எறங்குச்சு. ரத்தமா வந்துச்சு. நான் துணி சுத்தி விட்டேன். அப்பவும் நீங்க ரெண்டாவது கம்பி சூடு பத்தல்லன்னுதான் என்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்திய."

அந்த விரலால்தான் அவர் தினமும் என் திரையில் கோடுகளைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். நானும் கோட்டைத்தான் பார்த்தேன். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடக்கினார், நீட்டினார். யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்த முகத்தில் பிறகு வந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"வலிக்குதா?" என்று அக்கா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இப்பதான் வலிக்குது" என்றார்.

அக்கா அவர் கையை விட்டுவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தாள்.